இடப்பக்கப் பை

வேனுக்குள் இருபத்திரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தும் மூட்டை கண்ணைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை டிரிப். மழை பிடித்துக்கொண்டு நாலு நாளாயிற்று. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், தன் பழைய கம்பளியின் மேல், நாய் கிடந்த மேனிக்குக் கிடந்தது. எப்போதும் அப்படிக் கிடப்பதால்தான் அதற்கு மூட்டை என்று பேர். அதனால் வேன்காரியும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தியபின், "துரை, எழுந்திரிங்க. வீடு வந்தாச்சு" என்று அதன் தலையைத் தூக்கினாள். கையை எடுத்தாள்.

தலை தொப்பென்று விழுந்தது.

பதினோரு வருஷமாக ஒரு உரசல் இல்லாமல் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அன்றைக்கு இரண்டு சிவப்பு விளக்கைத் தாண்டினாள். கால்நடை டாக்டர் கடையை மூடப் போகிற நேரம். நாயை மேஜையில் போட்டு இமையைப் பிரித்துப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார், சலைன் ஏற்றினார். அப்புறம் கேட்டார்.

"என்னம்மா சாப்பிட்டுது இது?"

"காலையில சோறும் ஒரு அவிச்ச முட்டையும் டாக்டர். மத்தியானம் கொஞ்சம் பிஸ்கட்."

"பிஸ்கட் தின்னுட்டு நாய் இப்படி மயங்காது. இது தூக்க மாத்திரை. மனுஷங்க போடறது. மூணு நாலு உள்ள போயிருக்கும். இன்னும் ரெண்டு போயிருந்தா நீ என்னைத் தேடி வந்திருக்க மாட்டே. மண்வெட்டியத்தான் தேடியிருப்பே. யார் குடுத்தா?"

வேன்காரி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

கொடுத்தது அவளேதான்.

*

வாரா வாரம் வியாழக்கிழமை காலை டிரிப் முடிந்ததும் மூட்டைக்குக் குளியல். வெந்நீர், வாசனை இல்லாத சோப்பு, பின்னால் முடி உலர்த்தும் மெஷின். நகத்தை அரத்தால் ராவ வேண்டும். முதியோர் இல்லத்தில் அதைத் தடவப் போகிற கிழவிகளின் தோல் வெங்காயத் தோல், ஒரு கீறல் போதும். காதுக்குள் பஞ்சு, பல்லுக்குப் பிரஷ். வேன்காரியை அவள் கல்யாணத்துக்குக்கூட யாரும் இத்தனை ஜோடித்ததில்லை. பிறகு நீலச் சட்டை. வயிற்றுக்குக் கீழே பட்டை போட்டு மாட்டுகிற சட்டை. முதுகில் 'தெரபி நாய்' என்று எழுத்து, அதாவது தடவினால் மனசு லேசாகிற நாய்; இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை. பதினொன்றரைக்கு இல்லத்தின் வாசலில் அட்டையைக் காட்டினால், ஒண்ணரை வரைக்கும் அறை அறையாகச் சுற்றலாம்.

அட்டை சும்மா வரவில்லை. தேர்வு வைத்தார்கள். பின்னாலிருந்து எவர்சில்வர் தட்டைப் போட்டார்கள், காதை இழுத்தார்கள், சக்கர நாற்காலியை வால்மேல் ஏற்றுகிற மாதிரி கொண்டுவந்தார்கள். மூட்டை ஒரு கொட்டாவி விட்டதோடு சரி. நூற்றுக்கு நூறு.

வலப்பக்கப் பையில் கை துடைக்கிற ஈரக் காகிதம். இடப்பக்கப் பை காலி. காலி என்பது சட்டத்துக்கு. இல்லத்தில் இருப்பவர்கள் நாய்க்குத் தீனி கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுக்காமல் இருக்க அவர்களால் முடியாது என்பது உண்மை. ஆகவே நாலுமணி டீயோடு வரும் பிஸ்கட்டில் ஒன்றைத் தலையணைக்குக் கீழே சேர்த்துவைத்து, வியாழக்கிழமை நாயைத் தடவுகிற சாக்கில் இடப்பக்கப் பையில் திணித்துவிடுவார்கள். வேன்காரி அந்தச் சமயம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பாள். வேனுக்குத் திரும்பியதும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கிண்ணத்தில் கொட்டுவாள். தூளும் துண்டுமாக விழும். மூட்டை ஒரே நக்கில் காலி செய்யும். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

பார்க்காமல்தான் கொட்டுவாள். பிஸ்கட் தூளில் என்னத்தைப் பார்க்க?

நாய் மயங்கியதை இல்லத்தில் சொன்னால் முதல் கேள்வியே "தீனி எப்படிப் போச்சு?" என்றுதான் வரும். அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் வாயைத் தைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மூட்டை எழுந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை தின்றது. அன்று ராத்திரி, லாரியில் எங்கோ தூர தேசத்துச் சாலையில் இருந்த அவள் புருஷன் போனில் கூப்பிட்டான்.

"விட்டுத்தொலை. அங்க போறதையே நிறுத்திடு. அந்தாளு இருக்கற இடத்துல உனக்கென்ன வேலை?"

"அந்தாளு வந்து எட்டு மாசம்தான் ஆகுது. நான் ரெண்டு வருஷமா போறேன். நான் எதுக்கு நிறுத்தணும்?"

"அவர் எங்கப்பாடி. உன்னைக் கண்டா ஆகாதுன்னு தெரியும்ல."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன். எவன் என் நாய்க்கு விஷம் வெச்சான்னு கண்டுபிடிக்காம நான் நிறுத்த மாட்டேன்."

"அவரா இருக்காது" என்றான் அவன். அவள் யார் பேரையும் சொல்லியிருக்கவில்லை.

*

அந்தாளுக்கு இல்லத்தில் பேர் தராசு.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. காய்கறிக்காரி முதல் நகைக்கடைக்காரன் வரை அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் எச்சில் விழுங்குவார்கள். ஒரு டீயை ஓசியில் குடித்தவர் இல்லை. ஒரு வார்த்தையை இதமாகப் பேசியவரும் இல்லை.

வேன்காரியின் அப்பா வைத்திருந்தது ஒரு சின்ன மளிகைக் கடை. ஒருநாள் தராசு வந்தார். நூறு கிராம் எடைக்கல்லைக் கையில் எடுத்தார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். கல்லின் அடியில் துளை போட்டு மெழுகு வைத்து மூடியிருந்தது. நூறுக்கு எட்டு கிராம் குறைவு என்று எழுதினார். அன்று மதியமே கடைக்குச் சீல். சீலைப் பிரித்த பிறகும் அந்தக் கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. அப்பா பாயைச் சுருட்டவேயில்லை, படுத்தே போனார்.

தராசின் மகன் அந்த மளிகைக்காரன் மகளைக் கல்யாணம் செய்துகொண்டது அதற்கு அடுத்த வருஷம். ஊரில் பெண்ணே இல்லையா என்றால், இருந்தார்கள். அவனுக்கு இவள்தான் வேண்டியிருந்தது. பதினாலு வருஷம் ஆகிறது. மாமனார் மருமகளிடம் பேசியதில்லை. அவள் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை.

இல்லத்தில் அவர் அறைக்குள்ளும் அவள் போய்த்தான் ஆக வேண்டும். எல்லா அறைக்கும் போவது விதி. அவர் சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பேச்செல்லாம் நாயிடம், அவளும் அப்படித்தான்.

"வாடா மூட்டை. குளிச்சிட்டு வந்தியா? உன்னை இழுத்துட்டு வர்றவளும் குளிச்சாளா, கேளு."

"மூட்டை, ஐயா மருந்து சாப்பிட்டாரான்னு கேளு. நாக்குல கசப்பு தெரியுது."

"இவ ஓட்டற வேன்ல பிள்ளைங்களைக் கரெக்டா எண்ணித்தான் ஏத்தறாளாடா? நூறு பேருக்கு எட்டு பேர் குறையுமே, அவங்க குடும்ப வழக்கப்படி?"

இந்த லட்சணத்தில் நாய் மட்டும் வெட்கமில்லாமல் போய் அவர் மடியில் தலையை வைக்கும். அவர் அதன் விலாவில் கை வைத்துத் தள்ளுவார். தள்ளுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

*

இந்த வியாழன் வாசலிலேயே இடப்பக்கப் பையைக் கவிழ்த்து உதறிவிட்டு நுழைந்தாள். ஒவ்வொரு அறை முடிந்ததும் நடைபாதையில் நின்று பைக்குள் விரலை விட்டு, கிடந்ததை எடுத்துவிட்டாள். இரண்டாவது அறையில் ஒரு கிரீம் பிஸ்கட். நாலாவதில் பாதி ரஸ்க். ஆறாவது அறையில் இருந்தவள் முன்னாள் டெலிபோன் ஆபரேட்டர். காது பாதி போய்விட்டது, செய்தி கடத்துகிற வழக்கம் மட்டும் போகவில்லை.

"விஷயம் தெரியுமாடீ? தராசை இன்னிக்கு மேல ஏத்தறாங்க."

"மேலன்னா?"

"மூணாவது மாடி. டாக்டர் ரெண்டு மணிக்கு வர்றார். அவர் பொண்ணு கையெழுத்துப் போடப் போறா. புத்தி கலங்கிடுச்சாம். பகல்லயே சாஞ்சு சாஞ்சு தூங்கறாராம். பூட்டின கதவு, அங்க நாய்கூட வராது. மேல போனவங்க யாரு கீழ வந்தா? படுத்த மேனிக்குத்தான் வருவாங்க." நாயின் கழுத்தை வருடிக்கொண்டே சொன்னாள். "கெடுதல் பிடிச்ச மனுஷன். ஆனாலும் வந்த புதுசுல மெஸ்ஸுல எனக்குக் குடுத்த ரொட்டி ரெண்டு துண்டு குறைச்சல்னு அவர்தான் சண்டை போட்டார்."

எட்டாவது அறை தராசுடையது. நாய் மடியில் தலை வைத்தது. அவர் விலாவில் கை வைத்துத் தள்ளினார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய பழைய ரேடியோ, பின்மூடி பாதி திறந்து கிடந்தது. பேட்டரி இருக்க வேண்டிய குழியில் ஒன்றுமில்லை.

வேன்காரி வெளியே போகவில்லை. அங்கேயே மண்டியிட்டு, இடப்பக்கப் பையைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

வெள்ளை மாத்திரைகள். கொத்தாக.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அது விதிப்படி தப்பு.

"இது என்ன?"

கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூட்டை, உன் எஜமானிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? மாத்திரைன்னு சொல்லு."

"நாய்கிட்ட பேசாதீங்க. போன வாரம் இதைத் தின்னுட்டு அது செத்துப் பொழைச்சுது. ரெண்டு நாள் மூத்திரத்துலயே கிடந்துச்சு. என் மேல இருக்கற கோவத்தை வாயில்லா ஜீவன் மேலயா காட்டுவீங்க? நீங்கள்லாம் ஒரு மனுஷனா?"

நாற்காலியின் சக்கரம் கிரீச்சிட்டது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தராசு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தின்னுச்சா? பையில இருந்தது நாய் வாய்க்கு எப்படிப் போச்சு?"

"பிஸ்கட்டோட சேர்த்து நான்தான் கொட்டினேன்."

"பாக்காமலா கொட்டினே?" என்றார். "என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு பாக்காமலா? நீ குப்பையில கொட்டுவேன்னு இல்ல நான் நினைச்சேன். பாக்காம கொட்டறதும் நிறுக்காம குடுக்கறதும் உங்க ரத்தத்துலயே இருக்கு."

"ரத்தத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க. மருந்தை முழுங்கத் துப்பில்லாம நாய் பையில போடறவரு."

"முழுங்கினா மூணாவது மாடி. முழுங்காட்டி இந்த மாடி. அவ்வளவுதான் கணக்கு." ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "தலையணை உறையில வெச்சேன், எடுத்துட்டாங்க. குப்பைக்கூடையை ஆயா கிளறறா. கக்கூஸுக்கும் கூடவே வர்றா. ஜன்னல்ல வலை. ரேடியோக் குழி ஒரு வாரத்துக்குத்தான் கொள்ளும். இந்தக் கட்டடத்துக்குள்ள வந்து, சோதனை இல்லாம வெளிய போறது உன் நாய் ஒண்ணுதான். பத்து நாளா முழுங்கல. பத்து நாளாத்தான் என் தலை என் கழுத்து மேல நிக்குது. அவங்க பாக்கறப்ப மட்டும் தூங்கற மாதிரி சாஞ்சுக்குவேன். இல்லாட்டி வாயைப் பொளந்து பாப்பாங்க. டாக்டர் முன்னால முழிச்சிருந்தா போதும்."

வேன்காரி மாத்திரைகளை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நிக்கறே? போய்ச் சொல்லு" என்றார். "உங்கப்பனை நான் காட்டிக் குடுத்தேன். இப்ப உன் முறை. போ."

கதவு திறந்தது.

சூப்பர்வைசரம்மா. எல்லோரையும் தங்கம் என்று கூப்பிடுகிறவள். தங்கம் என்று அவள் கூப்பிட்டால் எங்கேயோ உரசிப் பார்க்கப் போகிறாள் என்று அர்த்தம். பின்னால் ஆயா.

"கதவைச் சாத்திட்டு என்ன தங்கம் பேச்சு? சத்தம் நடைபாதை வரைக்கும் வருது. கையில என்ன?"

வேன்காரி கையைத் திறக்கவில்லை. சூப்பர்வைசரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அட" என்றாள், சந்தோஷமாக.

ஒரே ஒரு வாக்கியம். 'இவர் பையில் போட்டது.' சொன்னால் தீர்ந்தது. வேன்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. தராசு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் முத்திரை குத்தின கை. நியாயத்தை அதுவே பேசட்டுமே பார்க்கலாம். பேசாவிட்டால், இந்த ஆள் யார் என்று செத்துப்போன அப்பாவுக்குச் சொல்லலாம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

*

ஆபீஸ் கண்ணாடி அறையில் மணி ஒண்ணு ஐம்பது. மாலை டிரிப்புக்கு இரண்டரைக்கு வண்டி எடுக்க வேண்டும். வெளியே மழை. மேஜைமேல் ஒரு சாஸரில் மாத்திரைகள். மூட்டை மேஜைக்குக் கீழே சாக்குப் பை மாதிரி கிடந்தது.

"தூக்க மாத்திரைக்கு வெளியில நல்ல கிராக்கி, இல்லையா தங்கம்?" சூப்பர்வைசரம்மா போனைக் கையில் எடுத்தாள். "நீ வேன் ஓட்டற பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன். அதுக்கப்புறம் போலீஸ். மருந்து திருடறவ கையில எந்தத் தாய் பிள்ளையை ஏத்தி அனுப்புவா?"

"நான் திருடல."

"பின்ன மாத்திரை நடந்து வந்து உன் கையில உக்காந்துச்சா?"

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். தராசின் மகள். குடையை மடக்கவில்லை, அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். விஷயத்தை ஆயா வாசலிலேயே ஒப்பித்திருக்க வேண்டும்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டானா என் தம்பி? கள்ள எடைக்காரன் பொண்ணு, வளையில இருந்து எலிதான் வரும்னேன். நாயைக் காட்டி உள்ள நுழைஞ்சு இதையா பண்றே? என் அப்பாவை இந்தக் கதிக்கு ஆளாக்கினதே நீதான்."

"உங்கப்பாவை இங்க கொண்டுவந்து தள்ளினது நான் இல்ல."

"வாயை மூடுடி!"

டாக்டர் வந்தார். இளவயசு, ஈரக் கோட்டு, இன்னும் மூன்று இல்லம் போக வேண்டிய அவசரம். "அந்தப் பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார்.

ஆயா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தராசின் மோவாய் நெஞ்சில் கிடந்தது. கண் மூடியிருந்தது. வேன்காரி அவர் இமையையே பார்த்தாள். வாயைப் பிளந்து மாத்திரையைப் போட்டுவிட்டார்களா?

"பாருங்க டாக்டர், எப்பவும் இப்படித்தான்" என்றாள் மகள்.

"இன்னிக்கு என்ன கிழமை, ஐயா?" என்று டாக்டர் குனிந்து சத்தமாகக் கேட்டார்.

மோவாய் அசையவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார். நாத்தனார் ஃபாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். வேன்காரி சாஸரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஒண்ணு ஐம்பத்தெட்டு.

"வியாழன்" என்றது ஒரு குரல். தலை நிமிர்ந்தது. கண் இரண்டும் கத்தி மாதிரி திறந்திருந்தன. "இங்க ஒரு திருட்டு நடந்ததா ஆயா சொன்னா. விசாரணையை முடிச்சிட்டு என்னை விசாரிங்க. சூப்பர்வைசர், உங்க மருந்து டிராலியில எத்தனை மாத்திரை குறையுது?"

"ஐயா, நீங்க ரெஸ்ட் எடுங்க தங்கம்..."

"கேட்டதுக்குப் பதில். குறையுதா, குறையலையா?"

டாக்டர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா? சூப்பர்வைசரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் டிராலியில ஒரு மாத்திரை குறையாது. எடுத்ததுக்கும் குடுத்ததுக்கும் கையெழுத்து இருக்கு. எட்டு வருஷமா ஒரு மாத்திரை தப்பினதில்ல."

"குறையவே இல்லன்னா இவ எங்கேருந்து திருடினா?"

ஆயா மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"அது... அது வேற யாரோ..." என்று இழுத்தாள் சூப்பர்வைசரம்மா.

"வேற யாரும் இல்ல. அது என் மாத்திரை. என் வாய்க்கு வந்தது, நாக்குக்கடியில வெச்சு எடுத்தது. போன வியாழன் நாய் போனதுக்கப்புறம் இன்னிக்குக் காலை வரைக்கும், ஏழு நாள். நாய் சட்டையில போட்டவன் நான். இவளுக்குத் தெரியாது." டாக்டரிடம் திரும்பினார். "நீங்க எனக்கு என்ன எழுதினீங்க?"

டாக்டர் ஏட்டைப் புரட்டினார். "ராத்திரி ஒண்ணு. தேவைப்பட்டா மட்டும்."

"ஏழு நாளுக்கு ஏழு. சாஸர்ல எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க."

டாக்டர் பேனா முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். ஏழில் ஒரு நொடி நின்றார். எட்டு, ஒன்பது என்று போனார். பதினாலில் முடிந்தது.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார் தராசு. "கடைக்காரன் குறைச்சுக் குடுப்பான், பிடிப்பேன். கூடக் குடுத்து ஏமாத்தறதை என் சர்வீஸ்ல இங்கதான் பாத்தேன்."

"காலையில யார் எழுதினது?" டாக்டரின் குரல் மாறியிருந்தது.

சூப்பர்வைசரம்மா தங்கம், வைரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நாத்தனார் பக்கம் கையை நீட்டினாள். "இவங்கதான் சொன்னாங்க! ஒரு நாளைக்கு இருபது தடவை போன் பண்றார், கொஞ்சம் அமைதியா வெச்சுக்குங்கன்னு இவங்கதான்..."

"அமைதியான்னுதான் சொன்னேன்! மாத்திரைன்னு சொன்னேனா?" நாத்தனார் கத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் உடைந்தது. "இருபது தடவைப்பா. ஆபீஸ்ல, பஸ்ல, தூக்கத்துல. போன வாரம் பேசினதையே பேசுவீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கிழவர் அவளைப் பார்த்தார். எடை போடுகிற பார்வை. மகளுக்கும் சலுகை இல்லை.

"போனை எடுக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு, ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், வேன்காரி மேல் பாய்ந்தாள். "எல்லாம் இவளால! திருட்டு வம்சம்! நீங்களும் அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க!"

"பரிஞ்சா? நானா?" தராசு நாற்காலியின் கையைத் தட்டினார். "இவ அப்பன் திருடன். நூறுக்கு எட்டு கிராம். நானே பிடிச்சேன், நானே சீல் வெச்சேன், இன்னொரு தடவைன்னாலும் வெப்பேன். இவ திருடினது ஒண்ணே ஒண்ணு, என் பையனை. அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா மாத்திரை திருடல. இல்லாத குத்தத்துக்கு முத்திரை போட என்னால முடியாது."

"ஆறு" என்றாள் வேன்காரி.

"என்ன?"

"எட்டு இல்ல. ஆறு கிராம். அப்பா சொல்லிட்டுத்தான் செத்தார். திருடினேன்மா, ஆனா ஆறுதான், அந்தாளு எட்டுன்னு எழுதிட்டான்னார்."

"எட்டு!"

"ஆறு! கேஸ் முடிஞ்சு திருப்பிக் குடுத்த கல்லு எங்கிட்டத்தான் இருக்கு!"

டாக்டர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தராசின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தூங்கி வழிகிற கிழவன் என்று அந்த நேரத்தில் சத்தியம் செய்தாலும் எவனும் நம்பமாட்டான்.

"கொண்டு வா" என்றார் தராசு. "அடுத்த வியாழன்."

டாக்டர் ஃபாரத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மணி இரண்டு பதினெட்டு. வேன்காரி பட்டையைச் சுண்டினாள். மூட்டை கொட்டாவி விட்டு எழுந்தது. "பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்றதுன்னா பண்ணுங்க தங்கம்" என்று சூப்பர்வைசரம்மாவிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். அன்றைக்கு டிரிப் நாலு நிமிஷம் தாமதம்.

*

அடுத்த வியாழன் வாசலில் புது விதி. நாய்ச் சட்டையின் இரண்டு பையையும் காவல்காரர் சோதிப்பார். சூப்பர்வைசரம்மா நீண்ட லீவில் போயிருந்தாள். விதியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

காவல்காரர் இடப்பக்கப் பைக்குள் கையை விட்டார். கனமாக ஏதோ தட்டுப்பட்டது. துருப்பிடித்த ஒரு இரும்புத் துண்டு.

"என்னக்கா இது?"

"எங்கப்பா" என்றாள் வேன்காரி.

தராசு சமையலறை வாசலிலேயே காத்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தது. பின்னால் டெலிபோன் ஆபரேட்டர், இன்னும் நாலைந்து பேர். ஆறா எட்டா என்று மேசைக்கு மேசை ரஸ்க் பந்தயம் நடந்திருந்தது. மூட்டை போய் மடியில் தலையை வைத்தது. கிழவர் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி, "உனக்கு வெச்சது இல்லடா அது" என்றார். வேன்காரிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றாள்.

சர்க்கரைக்காரர்களுக்குச் சோறு நிறுக்கிற தராசைச் சமையல்காரர் துடைத்து வைத்தார். எண் விழுகிற கண்ணாடித் தராசு. கிழவர் எடைக்கல்லை வாங்கினார். கவிழ்த்தார். கட்டைவிரலால் அடிப்பக்கத்துத் துளையை ஒரு தடவை தடவினார். விரலுக்கு மறக்கவில்லை. மெதுவாக வைத்தார்.

எல்லோரும் குனிந்தார்கள்.

தொண்ணூற்று மூன்று.

நூறுக்கு ஏழு குறைவு. எட்டும் இல்லை, ஆறும் இல்லை. அவர் கல்லை எடுத்து மறுபடி வைத்தார். தொண்ணூற்று மூன்று. அவள் எடுத்து வைத்தாள். தொண்ணூற்று மூன்று.

தராசு அந்த மெஷினைத் தூக்கிக் கவிழ்த்து அடியில் பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுக்கு யார் முத்திரை போட்டது?" என்றார்.

"முத்திரையா? கடையில வாங்கினதுங்க" என்றார் சமையல்காரர்.

"முத்திரை இல்லாத தராசு. பொய்த் தராசு." மெஷினைத் தள்ளிவிட்டுத் தலையை நிமிர்த்தினார். நாயைப் பார்க்கவில்லை. நேராக மருமகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

வேன்காரி எடைக்கல்லை எடுத்து இடப்பக்கப் பையில் போட்டாள்.

"பொய்த் தராசுதான்" என்றாள். "அடுத்த வியாழன் நல்லதா ஒண்ணு கொண்டுவர்றேன். முழிச்சிருங்க மாமா."